ஹென்றி பார்த்த பிணம்

ஆபிரகாம் லிங்கன் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தது நாலு வருஷமும் சில வாரங்களும். அதற்கு முன்னால் ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர் வக்கீல். இல்லினாய் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஊரில் ஆபீஸ். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் ஜட்ஜோடும் மற்ற வக்கீல்களோடும் சேர்ந்து கவுண்டி கவுண்டியாகச் சுற்றி வழக்கு நடத்துவார். அவரும் அவருடைய பார்ட்னர்களும் கையாண்ட வழக்குகள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி கடன் பாக்கி, நோட்டு, நிலத் தகராறு போன்றவை. ஒரு சிற்றூர் வக்கீலின் வயிற்றுப்பாடு எங்கேயும் அப்படித்தான்.

அவர் நடத்திய கொலை வழக்குகளில் உலகத்துக்குத் தெரிந்தது 1858-இல் பியர்ட்ஸ்டவுனில் நடந்த டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கு. நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்று சொன்ன சாட்சியை, பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டி மடக்கினார். கேட்கவே அழகான கதை. ஆனால் லிங்கன் தானே உட்கார்ந்து, விரிவாக எழுதி, பத்திரிகைக்குக் கொடுத்த வழக்கு அதுவல்ல. 1841 ஜூன் மாதம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடந்த டிரெய்லர் சகோதரர்கள் வழக்கு அது. நடந்து ஐந்து வருஷம் கழித்து, 1846 ஏப்ரல் 15 தேதியிட்ட 'குவின்சி விக்' இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. வழக்கு சூடாக இருந்தபோதே தன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு 1841 ஜூன் 19 அன்று அவர் எழுதிய நீண்ட கடிதமும் இருக்கிறது. ஒரே வழக்கைப் பற்றி, அதில் ஆஜரான வக்கீலே இரண்டு முறை எழுதிய பதிவு கிடைப்பது அரிது. குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கும் ஒவ்வொருவரும் இந்த வழக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிரெய்லர் சகோதரர்கள் மூன்று பேர். வில்லியம், ஹென்றி, ஆர்ச்சிபால்டு. மூவரும் உழைப்பாளிகள், குடிப்பழக்கம் இல்லாதவர்கள். ஆர்ச்சிபால்டு ஸ்ப்ரிங்ஃபீல்டில் தச்சு வேலை செய்தார். கல்யாணம் ஆகவில்லை. தன் தொழில் பங்காளியான மையர்ஸ் என்பவர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டு வந்தார். ஹென்றி குடும்பத்தோடு கிளேரிஸ் குரோவ் என்ற இடத்தில் இருந்தார். வில்லியம் மனைவியை இழந்தவர். பிள்ளைகளோடு தொலைவில் வாரன் கவுண்டியில் வசித்தார்.

வில்லியமின் வீட்டுப் பக்கம் ஆர்ச்சிபால்டு ஃபிஷர் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். குடும்பம் இல்லை, சொந்த வீடும் இல்லை. யாருக்காவது சில்லறை வேலை செய்து கொடுத்து அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்வார். செலவு செய்யவே மாட்டார். அதனால் அவரிடம் நிறையப் பணம் சேர்ந்திருக்கிறது என்ற பேச்சு ஊரில் இருந்தது. 1841 மே மாதக் கடைசியில் வில்லியம் தன் தம்பிகளைப் பார்க்கக் கிளம்பியபோது ஃபிஷரும் கூடவே வந்தார். ஒற்றைக் குதிரை வண்டியில் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஹென்றி வீட்டை அடைந்து இரவு தங்கினார்கள். திங்களன்று ஹென்றியும் குதிரையில் சேர்ந்துகொள்ள, நடுப்பகலில் மூவரும் ஸ்ப்ரிங்ஃபீல்டு வந்தார்கள். ஆர்ச்சிபால்டு தங்கியிருந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்க்க நாலு பேரும் வெளியே போனார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு டிரெய்லர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். ஃபிஷர் வரவில்லை.

தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுநாளும் தேடிவிட்டு, வில்லியமும் ஹென்றியும் ஊர் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். ஒரு வழிப்போக்கர் காணாமல் போனதில் ஊருக்குப் பெரிய அக்கறை இல்லை. விஷயம் அப்படியே அடங்கியிருக்கும். ஆனால் சில நாட்களில் ஸ்ப்ரிங்ஃபீல்டு போஸ்ட்மாஸ்டர் கீஸுக்கு, வாரன் கவுண்டியில் இருந்த போஸ்ட்மாஸ்டர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. வில்லியம் வீடு திரும்பிவிட்டார், ஃபிஷர் இறந்துபோய்த் தன் பணத்தைத் தனக்கு எழுதி வைத்துவிட்டார் என்றும், சுமார் 1,500 டாலர் கிடைத்தது என்றும் பெருமையாகச் சொல்லித் திரிகிறார் என்று அதில் இருந்தது.

கடிதத்தின் விவரம் பரவியதும் ஊர் கொதித்தது. மக்கள்தொகை 3,500 பேர் என்று லிங்கன் எழுதுகிறார். மேயரும் மாநில அட்டர்னி ஜெனரல் ஜோசையா லாம்போர்னும் முன்னால் நின்றார்கள். ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வரிசை கட்டித் தேடினார்கள். கிணறுகள், நிலவறைகள், புதிதாகத் தோண்டிய பள்ளங்கள் எதையும் விடவில்லை. வில்லியமைக் கைது செய்து வர மேக்ஸி என்ற அதிகாரி அனுப்பப்பட்டார். அதற்குள் ஹென்றியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வழக்கின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. மேயரும் அட்டர்னி ஜெனரலும் ஹென்றியைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் விசாரித்தார்கள். கேட்ட விதத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். ஹென்றி திரும்பத் திரும்ப மறுத்தார். கடைசியில் மறுப்பு நின்றது. தான் குற்றமற்றவன் என்று சொல்லிக்கொண்டே, தன் கூடப்பிறந்தவர்கள் இருவரும்தான் ஃபிஷரைக் கொன்றார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார்.

அந்த வாக்குமூலம் பொத்தாம்பொதுவாக இல்லை. கொலை நடந்தபோது தனக்குத் தெரியாது. செவ்வாயன்று ஊருக்குக் கிளம்பும் முன்தான் இருவரும் சொன்னார்கள். பிணத்தை நிரந்தரமாக மறைக்க உதவி கேட்டார்கள். வழக்கமான சாலையை விட்டு, ஊரின் வடமேற்கே காட்டுக்குள் வண்டியை ஓட்டினோம். ஆர்ச்சிபால்டு வேறு வழியாக நடந்து வந்து சேர்ந்தான். உபயோகத்தில் இல்லாத பழைய பாதை ஒன்றில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். சுமார் நாற்பது கஜம் தள்ளி, அடர்ந்த புதர் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பிணத்தைத் தூக்கி வந்து வண்டியில் வைத்தார்கள். ஃபிஷரின் உயரமும் உடல்வாகும் கொண்ட செத்த மனிதன் அது என்பதை நான் நின்ற இடத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன். வண்டி ஹிக்காக்ஸ் மில் குளத்துப் பக்கம் போயிற்று. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, பத்திரமான இடத்தில் வைத்துவிட்டோம் என்றார்கள். இவ்வளவும் ஹென்றி சொன்னது.

ஆர்ச்சிபால்டின் நல்ல பெயரால் அதுவரை யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. இப்போது அவரையும் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். வெளியே இருந்த கூட்டத்தின் மனநிலைக்கு, ஜெயில் அவருக்குப் பாதுகாப்பாகவே இருந்தது. பிறகு ஹென்றி சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். சொன்ன இடத்தில் புதர் இருந்தது. உள்ளே ஆட்கள் கட்டிப் புரண்டது போன்ற அடையாளங்கள் இருந்தன. நடுவிலிருந்து ஓரம் வரை எதையோ இழுத்துப் போன தடம். ஓரத்தில் வண்டிச் சக்கரத் தடம், அது குளத்துப் பக்கம் போயிற்று. குளக்கரையில் ஒரு வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் தண்ணீர் வரை இறக்கிய அடையாளமும் கிடைத்தது. புதரில் கிடைத்த இரண்டு மயிரிழைகளை டாக்டர் மெர்ரிமன் ஆராய்ந்து, மனித மயிர்தான் என்று கருத்துச் சொன்னார். நூற்றுக்கணக்கானோர் குளத்தைச் சல்லடை போட்டார்கள். பிணம் கிடைக்காததால் மில்லின் அணையையே வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். அப்போதும் கிடைக்கவில்லை.

வில்லியமும் கொண்டுவரப்பட்டார். வெள்ளிக்கிழமை மாஜிஸ்டிரேட்டுகள் முன்னிலையில் முதற்கட்ட விசாரணை. அரசுத் தரப்பில் லாம்போர்ன். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஸ்டீபன் லோகன், எட்வர்டு பேக்கர், லிங்கன் மூவரும் ஆஜரானார்கள். லோகன் முன்பு ஜட்ஜாக இருந்தவர், வட்டாரத்தின் முதல்தரச் சட்ட வல்லுநர். அந்த வசந்தத்தில்தான் லிங்கன் அவரோடு பார்ட்னராகச் சேர்ந்திருந்தார். பேக்கர் பேச்சில் வல்லவர். பிற்காலத்தில் செனட்டராக இருக்கும்போதே உள்நாட்டுப் போரில் களத்தில் உயிரிழந்தார். தன் இரண்டாவது மகனுக்கு லிங்கன் வைத்தது அவர் பெயரைத்தான். லிங்கனுக்கு அப்போது 32 வயது. மாநில சட்டசபைக்கு நாலாவது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். சட்டக் கல்லூரியில் படித்தவர் அல்ல. இரவல் புத்தகங்களை வைத்துத் தானே படித்து வக்கீலானவர்.

ஹென்றி அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். சொன்னதை முழுவதும் சத்தியம் செய்து திரும்பச் சொன்னார். குறுக்கு விசாரணை கடுமையாக நடந்தது. ஓர் இடத்திலும் அவர் தடுமாறவில்லை. லிங்கனே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். லோகன், பேக்கர், லிங்கன் என்ற மூன்று பேராலும் அசைக்க முடியாத சாட்சி என்றால் அவருடைய சாட்சியத்தின் பலம் எப்படி இருந்திருக்கும் என்று கோர்ட்டில் நின்று பழகியவர்களுக்குப் புரியும்.

அடுத்து மரியாதைக்குரிய ஒரு பெண்மணி வந்தார். திங்கட்கிழமை மாலை, தனக்கு நன்றாகத் தெரிந்த ஆர்ச்சிபால்டும், இப்போது பார்க்கையில் வில்லியம் என்று தான் நம்பும் இன்னொருவரும், ஃபிஷரின் அடையாளம் கொண்ட மூன்றாமவரும் ஹென்றி சொன்ன அதே இடத்தில் காட்டுக்குள் போனதைப் பார்த்தேன். ஓரிரு மணி நேரத்தில் இருவர் மட்டும் திரும்பினார்கள் என்றார். செவ்வாயன்று வில்லியமும் ஹென்றியும் சாலையை விட்டுக் காட்டுக்குள் போனதைப் பார்த்தவர்கள் வந்தார்கள். ஃபிஷர் காணாமல் போன பிறகு வில்லியமும் ஆர்ச்சிபால்டும் வழக்கத்துக்கு மாறாகத் தங்கக் காசுகளைச் செலவழித்தார்கள் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். புதர், தடம், குளக்கரை எல்லாவற்றுக்கும் சாட்சிகள் இருந்தார்கள். அரசுத் தரப்பு முடிந்தது.

பிணத்தை நேரில் கண்ட சாட்சி, அதுவும் கூடப்பிறந்தவன். பணம் என்ற நோக்கம். கடைசியாகச் சேர்ந்து காணப்பட்டதற்குச் சாட்சி. வாக்குமூலத்தோடு அச்சாகப் பொருந்தும் தடயங்கள். ஒரு கொலை வழக்கில் அரசுத் தரப்பு இதற்கு மேல் என்ன கேட்கும்? குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் தானே சாட்சி சொல்லும் உரிமையும் அன்று அமெரிக்காவில் இல்லை. மெய்ன் மாநிலம் முதலில் அதைக் கொடுத்தது 1864-இல்தான். வில்லியமும் ஆர்ச்சிபால்டும் கூண்டேறித் தங்கள் பக்கத்தைச் சொல்லியிருக்கவே முடியாது.

லோகன், பேக்கர், லிங்கன் தரப்பு ஒரே ஒரு முக்கியச் சாட்சியை அழைத்தது. அவர் வாரன் கவுண்டியைச் சேர்ந்த டாக்டர் கில்மோர். ஃபிஷரைப் பல வருஷமாகத் தெரியும், ஒரு முறை களஞ்சியம் கட்டும்போதும் இன்னொரு முறை வைத்தியத்துக்காகவும் தன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்றார். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கி வெடித்து ஃபிஷரின் தலையில் பலத்த காயம் பட்டது. அதிலிருந்து உடம்பு சரியில்லை, அவ்வப்போது புத்தி தடுமாறும். வில்லியமைக் கைது செய்த அதே செவ்வாய்க்கிழமை, காலையில் வெளியே போய்விட்டு 11 மணி வாக்கில் வீடு திரும்பினால், ஃபிஷர் என் வீட்டுக் கட்டிலில் நோயோடு படுத்திருக்கிறார். எப்படி வந்தாய் என்று கேட்டால் பியோரியா வழியாக என்றார். அந்தத் திசையிலேயே இல்லாத ஊர்களையும் சொன்னார். எங்கே திரிந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

சுமார் இரண்டு மணி நேரத்தில், வில்லியமின் நண்பர் ஒருவரிடமிருந்து டாக்டருக்குச் சீட்டு வந்தது. ஃபிஷரின் பழைய உடல்நிலையைப் பற்றிச் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று கேட்டிருந்தது. டாக்டர் உடனே இரண்டு அண்டை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, இரவெல்லாம் குதிரையோட்டி, லூயிஸ்டவுனில் மேக்ஸியையும் கைதியையும் பிடித்தார். ஃபிஷர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன பிறகும் மேக்ஸி கைதியை விடவில்லை. அதனால் டாக்டர் ஸ்ப்ரிங்ஃபீல்டு வரைக்கும் கூடவே வந்தார்.

டாக்டர் சொல்வதே கட்டுக்கதையோ என்ற கேள்வி எழுந்தது. அவர் நேர்மையானவர் என்று அவருடைய ஊர்க்காரர்கள் பலர் சத்தியம் செய்தார்கள். முதலில் கடிதம் எழுதி ஊரைக் கிளப்பிவிட்ட அந்தப் போஸ்ட்மாஸ்டரும் அவர்களில் ஒருவர். மாஜிஸ்டிரேட்டுகள் சகோதரர்களை விடுதலை செய்தார்கள். ஃபிஷரை அழைத்துவர முந்தின நாளே மூன்று பேர் அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர் நிச்சயம் உயிரோடு வருவார் என்று வில்லியமும் ஆர்ச்சிபால்டும் நம்பிக்கையோடு சொன்னார்கள். ஹென்றி மட்டும், உலகத்தில் எந்தச் சக்தியாலும் ஃபிஷரை உயிரோடு காட்ட முடியாது என்று கடைசி வரை சாதித்தார்.

அடுத்த திங்கட்கிழமை, அந்த மூவரில் ஒருவரான மையர்ஸ் ஊருக்குள் வந்தார். அவரோடு ஃபிஷரும் உயிரோடு வந்தார்.

ஊர் எப்படி இருந்தது என்பதை ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன் படம் பிடித்திருக்கிறார். டாக்டரின் செய்தி பரவியதும் பல முகங்கள் வாடிப்போயின. ஹார்ட் என்ற வண்டிக்காரர், இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் ஒரு தூக்குத் தண்டனை கூட இல்லையே என்று வருத்தப்பட்டாராம். ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்ற நல்ல செய்தி, கொலை நடந்தது என்று முடிவு கட்டிவிட்ட ஊருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கிறது.

1846 கட்டுரையில் லிங்கன் செய்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஜெயித்த வழக்கைப் பற்றி எழுதும் வக்கீல் எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாக முடித்துக் காட்டலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காட்டுக்குள் மூவர் போய் இருவர் திரும்பியது, மறுநாள் அதே இடத்துக்கு மறுபடி போனது, புதரில் இருந்த அடையாளங்கள், வண்டித் தடம், அவை ஹென்றியின் வாக்குமூலத்தோடு பொருந்தியது ஆகிய எதற்கும் இன்றுவரை விளக்கமில்லை என்று வெளிப்படையாக எழுதினார். வில்லியம் ஒரு வருஷத்துக்குள்ளும் ஆர்ச்சிபால்டு சுமார் இரண்டு வருஷத்திலும் இறந்துவிட்டார்கள், ஹென்றி உயிரோடு இருக்கிறார், இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றும் குறித்தார்.

பிறகு சட்டத்தின் பக்கம் வருகிறார். மனம் தடுமாறி அலைந்த ஃபிஷர் வழியில் எங்காவது செத்து, உடல் அந்தப் பக்கத்தில் கிடைத்திருந்தால் சகோதரர்களை யார் காப்பாற்றியிருப்பார்கள் என்று கேட்கிறார். உடல் கிடைக்காமலே போயிருந்தாலும் நிலைமை அதே அளவு மோசம்தான். பிணம் இல்லாமல் கொலைக்குத் தண்டனை இல்லை என்பது அன்றைய சட்டக் கொள்கை. ஆனால் பிணத்தை நேரில் பார்த்தேன் என்று ஹென்றி சத்தியம் செய்திருக்கிறாரே!

அந்தக் கொள்கை சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டனில் 1660-இல் வில்லியம் ஹாரிசன் என்பவர் காணாமல் போனார். அவருடைய வேலைக்காரன் ஜான் பெர்ரி, தன் தாயும் சகோதரனும் சேர்ந்து கொன்றதாக வாக்குமூலம் கொடுத்தான். மூவரையும் தூக்கில் போட்டார்கள். 1662-இல் ஹாரிசன் ஊர் திரும்பினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1819-இல் ஸ்டீபன், ஜெஸ்ஸி போர்ன் என்ற இரண்டு சகோதரர்கள், ஏழு வருஷத்துக்கு முன் காணாமல் போன மைத்துனர் ரஸ்ஸல் கால்வினைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களும் ஒப்புக்கொண்டவர்கள்தான். ஸ்டீபன் தூக்குக்குக் காத்திருந்தபோது கால்வின் நியூ ஜெர்சியில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார்.

மூன்று வழக்கிலும் தொடக்கம் ஒன்றே. ஒருவர் காணாமல் போகிறார். கொலை நடந்திருக்கிறதா என்று யாரும் நிரூபிக்கவில்லை. யார் கொன்றது என்ற கேள்வி மட்டும் நேரே வந்து நிற்கிறது. அந்தக் கேள்வியோடு ஒருவரை அடைத்து வைத்து நாள்கணக்கில் துளைத்தால் பதில் வந்தே தீரும். வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனால், ஒவ்வொரு தடமும் அந்தப் பதிலுக்கே சாட்சியாகும். ஹென்றி ஏன் அப்படிச் சொன்னார் என்பதை எவராலும் முடிவாகச் சொல்ல முடியாது. அவர் சொன்னது நடக்கவில்லை என்பது மட்டும் உறுதி. அவ்வளவு நுணுக்கமான, குறுக்கு விசாரணையில் அசையாத, தடயத்தோடு பொருந்திய வாக்குமூலமும் பொய்யாக இருக்கலாம் என்பதற்கு ஃபிஷர் உயிரோடு நின்றதே போதும்.

கட்டுரை வெளிவந்த அதே வருஷம் லிங்கன் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு தவணை முடிந்ததும் ஸ்ப்ரிங்ஃபீல்டு திரும்பி, மறுபடி வக்கீல் தொழிலில் ஆழ்ந்தார். ஜனாதிபதியான பிறகு 1862-இல், மினசோட்டாவில் டகோட்டா பழங்குடியினர் 303 பேருக்கு ராணுவக் கமிஷன் விதித்த மரண தண்டனை அவர் மேஜைக்கு வந்தது. சில விசாரணைகள் நிமிடக் கணக்கில் முடிந்திருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வக்கீல் இல்லை. உடனே தூக்கிலிடச் சொல்லி மினசோட்டாவிலிருந்து நெருக்கடி வந்தது. அவர் முழு ஆவணங்களையும் வரவழைத்து, ஒவ்வொருவருக்கு எதிராகவும் என்ன சாட்சியம் இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வைத்தார். டிசம்பர் 26 அன்று 38 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த 38 பேருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பதை நாம் சொல்லியே ஆக வேண்டும். மற்ற இருநூற்றுச் சொச்சம் பேர் தூக்கிலிருந்து தப்பியதற்குக் காரணம், ஜனாதிபதி நாற்காலியில் சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீல் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது என்று சொல்லி ஒரு கட்டு உங்கள் கைக்கு வரும்போது, வாக்குமூலத்தை முதலில் படிக்காதீர்கள். குற்றம் நடந்தது என்பதற்கு அந்த வாக்குமூலத்தைத் தவிர வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடுங்கள். வாக்குமூலம் வாங்கிய பிறகு கிடைத்த தடயம் எது, முன்னாலேயே கிடைத்த தடயம் எது என்று பிரித்து எழுதுங்கள். ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாலும், எங்கோ ஒரு டாக்டர் கில்மோர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் குதிரையேறித் தானாக வருவார் என்று காத்திருக்காமல், நீங்களே தேடிப் போங்கள்.